கழற்றாமல் கழன்ற ஸ்வெட்டர்

தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்புக்குள் இருந்துகொண்டு, ஜிப்பை ஒரு விரற்கடைகூட இறக்காமல், கையாலும் தொடாமல், உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டரை வெளியே அனுப்பிவைத்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு, அது தான்தான் என்று லிட்டர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிலர் பரிதாபப்பட்டு, "சரிண்ணே, டீ ஆறுது, குடிங்க" என்று பேச்சை மாற்றுவார்கள். ஆனால் அந்தக் கதையில் ஒரு விசேஷம் உண்டு. லிட்டர் வாழ்நாளெல்லாம் விட்ட கதைகளில் அவர் எதையும் கூட்டிச் சொல்லத் தேவைப்படாத கதை அது ஒன்றுதான். அவரும் முயன்று பார்த்துவிட்டார். நடந்ததற்கு மேல் கூட்ட இடமே இல்லை.

லிட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாயைத் திறந்தால் அளந்து தள்ளுவதால் தொழிற்சாலை வைத்த பெயர். யாராவது மறதியாக அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைத் தேடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். அவனுக்கு வைத்த பெயர் 'அப்படியா'. மழை பெய்கிறது என்று சொன்னால், "அப்படியா?" என்று ஜன்னல் வழியே கையை நீட்டுவான். நனைந்த கையை உள்ளே இழுத்து உற்றுப் பார்த்துவிட்டு, "மேல்மாடித் தொட்டி நிரம்பி வழியுதோ என்னமோ" என்பான். அத்தான் அளப்பதும் மச்சினன் நம்பாததுமாகவே அந்தக் குடும்பத்துக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது. "அத்தான் சொன்னது ஒன்னே ஒன்னாவது நடந்திருக்குன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன்" என்று அவன் அக்காவிடம் சபதம்போலச் சொல்லியும் வைத்திருந்தான்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிற தொழிற்சாலை அது. அந்த லென்ஸ்கள் உருவாகும் அறையைக் க்ளீன் ரூம் என்பார்கள். ஒரு தூசு கண்ணில் பட்டாலும் அங்கே எட்டூருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்கள். அதற்குள் போக வேண்டுமென்றால் வரிசையாகக் கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒரு கதவு நன்றாக மூடிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். முந்தின கதவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் சிவப்பு எரியும், அடுத்தது அசையாது. அந்தக் கதவுகளும் உள்ளே போகும் காற்றும் 'அப்படியா'வின் பொறுப்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டான். என்ன செய்தும், அந்த மாதம் கதவுகள் இரண்டொரு தரம் சண்டித்தனம் செய்துவிட்டன.

"நாளைக்கு நம்ம லென்ஸை வாங்கறவங்க நேர்ல பார்க்க வர்றாங்க" என்று முந்தின நாள் மேலாளர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். "உன் கதவு அவங்க முன்னாடி ஒரு தடவை முரண்டு பிடிச்சாலும் சரி, மறுநாள் கதவுக்கு வெளி ஆள் வருவான். நீ ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போயிடு. அங்க கதவே கிடையாது. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவன் இருட்டும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, துடைத்து, எண்ணெய் விட்டு, எல்லாம் பச்சை எரிவதைப் பார்த்தான். பச்சைதானா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் நல்ல குளிர். அக்கா ஒரு வெள்ளை ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கணவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"கழுத்து இன்னும் மூடலைங்க. நூல் தீந்துபோச்சு. சும்மா ஒரு முடிச்சுதான் போட்டு வச்சிருக்கேன். சாயங்காலம் முடிச்சுத் தர்றேனே."

"சாயங்காலம் வரைக்கும் குளிர் எனக்காகக் கைகட்டிக் காத்திருக்குமா? கொடு இப்படி."

"உள்ள அதெல்லாம் போட விடமாட்டாங்க அக்கா" என்றான் தம்பி.

"போற வழிக்குத்தான்டா. அங்க போனதும் லாக்கர்ல கழட்டி வச்சிடப்போறேன். உங்கக்கா கையால பின்னினதைப் போட்டுக்கிட்டா பனியே பயந்து ஒதுங்கும். போன குளிருக்கு நான் குடுத்த கம்பளித் தொப்பியை ஒருத்தன் போட்டதுல அவன் தலையில முடியே முளைச்சிடுச்சு."

"அப்படியா?"

ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டரின் பின்கழுத்திலிருந்து ஒரு நூல் காற்றில் பறந்து வந்து அவன் மூக்கையே குறிவைத்தது.

"அத்தான், பின்னாடி நூல் தொங்குது."

"அது நூல் இல்ல மாப்ள, ஏரியல். எனக்கு இப்பப் பாட்டு கேக்குது."

மூக்கைத் தடவிக்கொண்டு அவன் அதை அத்தோடு மறந்தான்.

உடை மாற்றும் அறையில் போட்டு வந்ததையெல்லாம் லாக்கரில் வைத்துவிட்டு, தொழிற்சாலை கொடுக்கும் வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட வேண்டும். அவற்றுக்கு மேல்தான் அடுத்த அறையில் முழு உடுப்பு. லிட்டருக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் தன் வேலையைப் பார்க்கும். அன்றைக்கு வாய் ஒரு கொசுவைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கொசு க்ளீன் ரூமுக்குள் புகுந்துவிட்டதாம். அதைக் கொன்றால் தூசு. விட்டால் ரத்தம் குடிக்கும். ஆகவே லிட்டர் அதற்கு ஒரு மாஸ்க் கட்டிவிட்டாராம்.

"அப்படியா? கொசுவுக்கு எப்படி அத்தான் மாஸ்க் கட்டினீங்க?"

லிட்டரின் கைகள் அப்போது ஸ்வெட்டரின் கீழ்விளிம்பைப் பிடித்திருந்தன. தூக்கிக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. மச்சினன் இப்படிக் கேட்டதும் இரண்டு கைகளும் விளிம்பை விட்டுவிட்டு, காற்றில் ஒரு கொசுவைப் பிடித்து, அதன் காதுக்குப் பின்னால் நாடாவைச் சுற்றி, நளினமாக ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டின. காட்டி முடித்து வேலைக்குத் திரும்பியபோது விட்ட இடம் கைகளுக்கு மறந்துபோயிற்று. அடுத்த வேலை எதுவோ அதை எடுத்தன. வெள்ளை ஸ்வெட்டருக்கு மேலேயே வெள்ளைச் சட்டை ஏறியது. பிறகு லிட்டர் தன் வழக்கப்படி லாக்கர் கதவை இடுப்பால் பின்னோக்கி ஓர் இடி இடித்துச் சாத்தினார். எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த 'அப்படியா'வின் மனமெல்லாம் கொசுவுக்குக் காது உண்டா என்பதிலேயே இருந்தது.

லிட்டர் உள்ளே போனார். லென்ஸ் பெட்டிகள் அடுக்கிய தட்டுகளை மேசைக்கு மேசை கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பார். 'அப்படியா' தன் விளக்குப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். எல்லாம் பச்சை. பெருமூச்சு விட்டுத் தேநீரை வாயருகே கொண்டுபோனபோது முதல் கதவு சிவப்பானது.

எழுந்து ஓடிப் பார்த்தான். கதவு மூடித்தான் இருந்தது. திறந்து மூடினான். பச்சை. திரும்பி வந்து உட்கார்ந்தான். சிவப்பு. கூடவே இரண்டாவது கதவும் சிவப்பு. மறுபடி ஓடினான். சென்சாரைத் துடைத்தான், ஊதினான், செல்லமாகத் தட்டினான், கடைசியில் கெஞ்சவும் செய்தான். திரும்பினால், உடுப்பிலிருக்கும் தூசைக் காற்றால் ஊதித் தள்ளும் ஏர் ஷவர் அறையின் கதவும் சேர்ந்துகொண்டது. அந்தப் பலகை எரிந்த எரிப்பைத் தண்டவாளத்தில் கொண்டுபோய் வைத்திருந்தால் ஊரிலுள்ள ரயிலெல்லாம் நின்றிருக்கும்.

இன்டர்காம் கிர்ரென்றது. உள்ளேயிருந்து லிட்டர்.

"மாப்ள, ஏசியைக் கூட்டிட்டியா?"

"இல்லையே அத்தான்."

"கழுத்து ஜில்லுங்குதுடா."

பார்த்தான். குளிர் நேற்று இருந்த அளவில்தான் இருந்தது. இது எங்கேயிருந்து வந்த புதுக் குழப்பம் என்று அவன் யோசிப்பதற்குள் இன்டர்காம் மறுபடி கிர்ரென்றது. இந்த முறை மேலாளர்.

"வந்தவங்க ரிசப்ஷன்ல உக்காந்திருக்காங்க. உன் கதவு என்னய்யா ட்ராஃபிக் சிக்னல் மாதிரி எரியுது?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன் சார்."

"நீ பார்க்கிறதைத்தான்யா அவங்களும் பார்க்கிறாங்க! சரி பண்ணு!"

அவன் கருவிப் பெட்டியைத் திறந்தான். எந்தக் கருவியை எடுப்பது என்று தெரியாமல் மூடினான். கதவுகள் மூடியிருக்கின்றன, ஆனால் மூடவில்லை என்கின்றன. பொய் சொல்வது கண்ணா, விளக்கா? தன் கண்ணின்மேலேயே சந்தேகம் வந்து இரண்டையும் கசக்கிக்கொண்டான்.

"மாப்ள, இப்ப நெஞ்சு வரைக்கும் இறங்கிடுச்சுடா" என்றது இன்டர்காம். "தோளு, நெஞ்சு, எல்லாம் பனிக்கட்டி. ஆனா வயிறு மட்டும் கதகதன்னு இருக்கு. இது என்ன ஏசிடா, ஆளைத் தவணை முறையில குளிர வைக்குது?"

"அத்தான், நீங்க வேற. இங்க என் பொழப்பே போயிட்டிருக்கு."

"சத்தியமா சொல்றேன்டா!"

"அப்படியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு அவன் புறப்பட்டான். வெளியே இருந்து ஆகாது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். சிவப்பு எரிந்தாலும் கதவைத் திறக்க அவனிடம் ஒரு சாவி இருந்தது. அதைப் போட்டு முதல் கதவைத் தாண்டி உடுப்பு அறைக்குள் நுழைந்தான்.

அந்த அறையை ஆண்டவள் கண்ணாடியம்மா. ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, உடுப்புப் போடுகிறவர்களை மேலும் கீழும் பார்ப்பது அவள் வேலை. முடி தெரிகிறதா, கையுறை சட்டைக்கைக்கு மேலே ஏறியிருக்கிறதா, உடுப்பு தரையைத் தொட்டதா? தொட்டிருந்தால் அந்த உடுப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, புது உடுப்போடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொட்டதா என்று சந்தேகம் வந்தாலும் அதே கதிதான். இந்தச் சட்டத்தால் மற்றவர்களுக்கெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை. 'அப்படியா'வுக்கு மட்டும் உயிர் போகும்.

அவன் தலைமுடிக்கு வலைத்தொப்பி போட்டான். மாஸ்க் கட்டினான். தோள்வரை வழியும் முக்காட்டுத் தொப்பியை மாட்டினான். மடித்து வைத்த உடுப்பைப் பிரித்து, கால்பகுதி இரண்டையும் சுருட்டி முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலை நுழைத்தான்.

"தம்பி, தரையில பட்டுச்சா?" என்றாள் கண்ணாடியம்மா.

"படலைம்மா."

"நிச்சயமா?"

அவன் யோசித்தான். யோசித்தால் எதுதான் நிச்சயம்? "தெரியலையேம்மா."

"அப்ப முதல்ல இருந்து."

கழற்றினான். மறுபடி தொப்பி, மறுபடி மாஸ்க், மறுபடி முஷ்டி. கால் நுழைந்தது. கை நுழைந்தது. ஜிப் பாதி ஏறியபோது இன்டர்காம் அலறியது. அவன் திடுக்கிட்டதில் சட்டைக்கை எங்கோ உரசியது. சுவரிலா, பெஞ்சிலா, அல்லது எதிலும் இல்லையா? முதலிலிருந்து. கூடை நிரம்பி வழிந்தது. ஒரு ராணுவமே உடுப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போன மாதிரி இருந்தது அந்த மூலை.

"இவ்வளவு நேரத்துல நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்கே அலங்காரம் பண்ணி, அவளைப் புருஷன் வீட்டுக்கும் அனுப்பியிருப்பேன் தம்பி."

"மனசு சரியில்லம்மா. மூடின கதவு மூடலைங்குது. அத்தான் வேற மேல இருந்து கீழ குளிருதுங்கிறார்."

"அவர் இன்னைக்கு வாயை மூடினாரா என்ன? கழுத்துப் பட்டைப் பொத்தானை நான்தான் அழுத்தி விட்டேன். அப்பக்கூட ஏதோ கொசுக் கதை. வாய்க்கு ஒரு மாஸ்க் பத்தலைண்ணேன்னு சொல்லித் தள்ளிவிட்டேன் உள்ள."

ஒருவழியாக ஜிப் மேலே ஏறியது. பெஞ்சுக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். நீளமான பூட்ஸில் ஒரு காலை நுழைத்து, அந்தக் காலை மட்டும் பெஞ்சைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தான். இரண்டாவது காலைத் தூக்கும்போது கணுக்காலில் ஏதோ தடுத்தது. குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. காலை இழுத்தான். ஒன்றும் இல்லாதது அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா… இங்க சிலந்தி வலை இருக்கும்மா."

கண்ணாடியம்மாவின் மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை போதும். "என் ரூம்லயா? சிலந்தி வந்தா எட்டுக் காலுக்கும் பூட்ஸ் மாட்டித்தான் தம்பி உள்ள விடுவேன் நான்!"

அவன் கையுறை விரலால் தடவிப் பார்த்தான். நூல். வெள்ளைத் தரையில் வெள்ளை நூல். விரலில் பட்டால் உண்டு, கண்ணுக்கு இல்லை. ஒரு பக்கம் அது அவன் வந்த கதவுக்கு அடியில் போயிற்று. மறுபக்கம் ஏர் ஷவர் கதவுக்கு அடியில் போயிற்று. கதவின் ரப்பர் விளிம்பு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, நூல் இழுபடும்போதெல்லாம் முழுசாக இறங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

அவன் உள்பக்க நூலை லேசாக இழுத்தான்.

நூல் பதிலுக்கு இழுத்தது.

மறுபடி இழுத்தான். இந்த முறை நூல் கோபமாக இழுத்தது. கண்ணாடியம்மாவைப் பார்த்தான். அவளும் ஒரு தரம் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கிர்ரென்றது இன்டர்காம்.

"மாப்ள! யாரோ எனக்குப் பின்னாடி கூச்சம் காட்டுறாங்கடா! திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல!"

'அப்படியா' நூலையும் இன்டர்காமையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூளைக்குள் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தொடாமலேயே விலகிப்போயின. ஆனால் கைகளுக்கு ஒன்று புரிந்தது. இந்த நூல் போனால் கதவு மூடும். வெளிப்பக்கத்து நூலை அவன் வெடுக்கென்று இழுக்க, உடை மாற்றும் அறையில் எங்கோ அது பட்டென்று அறுந்து கையோடு வந்தது. முதல் கதவில் பச்சை எரிந்தது. அவன் நூலைக் கையில் சுற்ற ஆரம்பித்தான்.

சுற்றிக்கொண்டே போனான். ஏர் ஷவரில் நாலா பக்கமும் காற்று சீறியது. நூல் அவன் தலையைச் சுற்றிப் பேயாட்டம் ஆடியது. வாயிருந்தால் பாடியும் இருக்கும். அதையும் அடக்கிச் சுற்றினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு கதவாகப் பச்சை எரிந்தது. கடைசிக் கதவைத் தாண்டி க்ளீன் ரூமுக்குள் நுழைந்தான்.

வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வெள்ளை உடுப்பில் ஆட்கள். யார் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. நூல் ஒரு மேசைக் காலைச் சுற்றி, இன்னொரு மேசையைத் தாண்டி, தூணை வளைத்து, வந்த வழியே திரும்பி, மறுபடி அதே மேசையைச் சுற்றிப் போயிருந்தது. அவனும் அப்படியே போனான். தூணை வலமாக ஒரு தரம், இடமாக ஒரு தரம். மேசைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் எழுந்தான். வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு நூல் தெரியவில்லை. வெறுங்காற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மேசைகளை வலம்வரும் ஒரு மனிதன்தான் தெரிந்தான். கதவுக்காரனுக்குக் கதவு கெட்ட துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். கையிலிருந்த உருண்டை எலுமிச்சை ஆனது, தேங்காய் ஆனது, பூசணிக்காய் ஆனது. ஒரு ஸ்வெட்டரில் எவ்வளவு நூல் இருக்கும் என்பது பின்னியவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இதை நம்பத்தான் வேண்டும்.

நூல் கடைசியில் ஒரு முதுகில் போய் முடிந்தது. உடுப்பின் கழுத்துப் பட்டைக்கும் தொப்பிக்கும் நடுவிலிருந்து அது வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த முதுகுக்கு உரியவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். முகம் தெரிய வேண்டியதில்லை.

'அப்படியா' இழுத்தான். முதுகு நெளிந்தது. இன்னும் இழுத்தான். நூல் சுற்றிச் சுற்றி வந்ததில் லிட்டரும் நின்ற இடத்தில் பம்பரம்போல ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசி முனை விலுக்கென்று கழுத்து வழியே துள்ளி வந்து அவன் கையில் விழுந்தது.

"ஐயோ, வயிறும் போச்சு!" என்றார் லிட்டர். அப்போதுதான் எதிரே நிற்பவனைப் பார்த்தார். "யாரது? மாப்ளயா? கையில என்னடா பூசணிக்கா?"

"அத்தான், உங்க ஸ்வெட்டர் எங்க?"

"லாக்கர்ல."

"கழட்டினீங்களா?"

லிட்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். கொசு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாஸ்க்குக்குள் வாய் அப்படியே நின்றது. அவர் வாய் நின்றதை அந்தத் தொழிற்சாலை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"மாப்ள… நான் கழட்டலையே."

"கழட்டலைன்னா உள்ளதானே இருக்கணும்?"

லிட்டர் உடுப்புக்கு மேலேயே மார்பைத் தடவினார், வயிற்றைத் தடவினார். "உள்ள இல்லையே."

"உள்ள இல்லைன்னா கழட்டியிருக்கணும்."

"கழட்டலையேடா!"

"அப்ப உள்ள இருக்கணும்!"

"இல்லையே!"

இருவரும் சேர்ந்து நூலுருண்டையைப் பார்த்தார்கள்.

உடுப்பைப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டென்றால் கழற்றுவதற்கும் உண்டு. கண்ணாடியம்மா முன்னால் நின்றாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மேலாளர் வந்து நின்றார். லிட்டர் திரும்பி நிற்க, கழுத்துப் பட்டைப் பொத்தான் அவள் அழுத்தியபடியே இருப்பதை அவள் காட்டினாள். ஜிப் தாடைவரை ஏறியிருந்தது. பொத்தான் விடுபட்டது, ஜிப் இறங்கியது. வெளிப்பக்கத்தைக் கை தொடாமல், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிச் சுருட்டி உடுப்பைக் கூடையில் தள்ளினார். பூட்ஸ், தொப்பி, மாஸ்க். பிறகு உள்ளே இருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றினார்.

பனியன் தெரிந்தது. இரண்டு கைகளிலும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அக்கா பின்னிய கம்பளிக் கைகள் மட்டும் கம்பீரமாக இருந்தன. நடுவில் ஸ்வெட்டரே இல்லை. கைகளைத் தனியாகப் பின்னி உடம்போடு தைத்திருந்தாள் அவள். உடம்பு பிரிந்துபோயிருந்தது, கைகள் தங்கிவிட்டன.

கண்ணாடியம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க" என்றார் மேலாளர் கண்ணாடி வழியாக.

போகிற வழியில் லிட்டர் மச்சினனின் காதருகே, "உங்கக்கா கேட்டா என்னடா சொல்றது? ஆசை ஆசையாப் பின்னினா" என்றார். அவர் குரலில் முதல்முறையாக உண்மையான பயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்கிற பயம். அந்தப் பயத்துக்கு அவர் புதிது.

மேலாளர் அறையில், நூலுருண்டை மேசையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கழற்றி வைத்த இரண்டு கம்பளிக் கைகள். லிட்டர் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்லப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. லாக்கர் கதவை இடித்துச் சாத்தியபோது நூல் எப்படி அதில் மாட்டியது, அது எப்படித் தூணை வளைத்தது, குளிர் எப்படித் தவணை முறையில் இறங்கியது, கொசு எப்படி எல்லாவற்றுக்கும் மூலகாரணம்.

"லிட்டர், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் மேலாளர். "காலையில உள்ள இருந்த பெட்டியெல்லாம் மறுபடி கழுவப் போகுது, ரூமையும் துடைச்சாகணும். அது வேற. எனக்கு இப்பத் தெரிய வேண்டியது ஒன்னுதான். இவன் நேத்து சரி பண்ணின கதவு இன்னைக்கு மக்கர் பண்ணிருக்கு. அதை மறைக்க மச்சானும் மச்சானும் சேர்ந்து வீட்டுல இருந்து நூலுருண்டை கொண்டுவந்து எனக்குக் கதை விடுறீங்களா? மூடின உடுப்புக்குள்ள இருந்து ஸ்வெட்டர் தானா கழண்டு, லாக்கர் வரைக்கும் வாக்கிங் போச்சா? அதுவும் யார் சொல்றது? நீங்க!"

"சார், கண்ணாடியம்மாவும் நானும்…" என்று ஆரம்பித்தார் லிட்டர்.

"பொத்தான் அவங்க போட்டது, கதவுக்கு அடியில நூல் கிடந்ததையும் பார்த்தாங்க, சரி. அது இவர் கழுத்துல இருந்து வந்ததைப் பார்த்தது யாரு?"

மேலாளர் நாற்காலியைத் திருப்பி 'அப்படியா'வைப் பார்த்தார்.

"வெயில் அடிக்குதுன்னா விளக்கைப் போட்டுப் பார்க்கிற ஆளுய்யா நீ. இந்தத் தொழிற்சாலையில எதையும் நம்பாத ஒரே ஆள் நீதான்னு எனக்குத் தெரியும். உன் அத்தான் சொல்ற எதுக்கும் நீ தலையாட்டினது இல்லைன்னும் தெரியும். நீ சொல்லு. இவர் சொல்றது நடந்துச்சா?"

'அப்படியா' மேசையைப் பார்த்தான். இல்லை என்றால் கதவு கெட்டது அவன் தவறு. கதவே இல்லாத ஜெனரேட்டர் ஷெட். ஆமாம் என்றால் சாகும்வரை சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அத்தான் உட்கார்ந்து, "என் மச்சினனே சொன்னான்" என்பார். ஊரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். கொசுவுக்கும் சேர்த்து அவனையே சாட்சிக்கு இழுப்பார். அதோடு அக்காவிடம் போட்ட சபதம்.

எல்லாவற்றையும்விட இன்னொன்று அவனைக் குடைந்தது. கண்ணால் பார்த்திருந்தான், கையால் சுற்றியிருந்தான். இருந்தும் உள்ளுக்குள் ஒரு மூலை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, நடந்ததா என்று. கையை நீட்டி நூலுருண்டையை ஒரு தரம் அழுத்திப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. ஸ்கூட்டரில் மூக்கைக் குறுகுறுக்க வைத்த அதே கம்பளி.

லிட்டர் அவன் வாயையே பார்த்தார்.

"நடந்துச்சு சார்" என்றான்.

"அப்படியா?" என்றார் மேலாளர்.

அந்த வார்த்தையை அடுத்தவர் வாயில் கேட்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆமா சார். கழட்டாமலே கழண்டுச்சு. அத்தான் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. நான் பார்த்தேன்."

பிறகு அத்தானின் முகத்தில் பரவிய சிரிப்பைப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்:

"கொசுவைத் தவிர."